விமானப்படைக்குக் கொண்டுபோன சீர்

சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய கம்பித் தாங்கியில் அம்மா அடுக்கி வைத்திருந்த "சில்வர்" தட்டுகள் தாமாகவே கிலுகிலுக்கத் தொடங்கினால், இன்னும் சற்று நேரத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் வரப்போகிறது என்று பொருள். முதலில் தட்டுகள் நடுங்கும், பிறகு ஓடுகள், பிறகு பாயில் படுத்திருக்கும் என் நெஞ்செலும்பு, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் காதுக்குச் சத்தம் வந்து சேரும். சூலூர் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதை முடிகிற திசையில், தறிக்காரர்களுக்கென்று ஒரே சுவரைப் பகிர்ந்து கட்டிய "லைன் வீடு"களில் ஒன்று எங்களுடையது. பருத்த வயிற்றோடு தாழ்வாக இறங்கும் சரக்கு விமானங்களின் சக்கரங்களைக்கூட எங்கள் வாசலில் நின்றபடி பார்க்கலாம். ஊருக்குப் புதிதாக வரும் "ஒறம்பரை"கள், விருந்தாளிகள், தலையைக் குனிந்துகொள்வார்கள். நாங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்போம்.

அப்பாவுக்கு மட்டும் அந்தச் சத்தம் பாதிதான் கேட்கும். பையன் வயதிலிருந்தே விசைத்தறி ஓட்டியவர் அவர். தறிகள் ஓடும் "குடோனு"க்குள் மனிதக் குரலுக்கு வேலையில்லை. அங்கே எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். இழை அறுந்தால் ஒரு சைகை, ஊடை நூல் தீர்ந்தால் ஒரு சைகை, சாப்பிடப் போகலாம் என்பதற்கு ஒன்று. சுட்டுவிரலைக் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றினால் "ஓடட்டும், நிறுத்தாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அர்த்தம். வீட்டிலும் அப்பா பாதிப் பேச்சைக் கையாலேயே பேசுவார். சாப்பாட்டுப் போசியோடு குடோனுக்குப் போய்வந்து போய்வந்து எனக்கும் அந்தப் பாஷை படிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான். இதை இன்றும் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தித்தான் சொல்வேன், அது என்னுடைய சுபாவம். என்னைச் சேர்க்க அப்பா பள்ளிக்கு அழைத்துப்போன நாள் எனக்கு நிழலாகத்தான் நினைவிருக்கிறது. தலைமையாசிரியரின் மேசைக்கு முன்னால் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் நின்ற கோலமும், "பிறந்த தேதி என்ன?" என்று கேட்டவுடன் அவர் கை தானாகக் காற்றில் எழுந்து எதையோ தேடியதும் கண்ணில் இருக்கின்றன. நான் வீட்டிலேயே பிறந்தவள். யாரும் எங்கேயும் போய் எழுதி வைக்கவில்லை.

"ஏதாவது ஞாபகம் இருக்குங்களா? மழையா, நோம்பியா, தேர்தலா?" என்று தலைமையாசிரியர் எடுத்துக்கொடுத்தார்.

"அன்னிக்குப் பாத்து ஏரோப்ளேனுங்க எல்லாம் வரிசையாப் பறந்து போச்சுங்க. ஒண்ணு பின்னால ஒண்ணா, கொக்காட்டம். தறியை நிறுத்திப்போட்டு எல்லாரும் வெளிய வந்து பாத்துட்டு நிக்கறோம், ஊட்டுல இருந்து ஆளு வந்து பொம்பளப் புள்ளைன்னு சொன்னாங்க" என்றார் அப்பா.

தலைமையாசிரியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பொது அறிவைக் காட்ட வாய்ப்புக் கிடைத்தால் விடாத மனிதர் அவர். வரிசையாகப் பறந்தால் அது அக்டோபர் எட்டாகத்தான் இருக்க வேண்டும், அதுதான் விமானப்படை நாள், வெள்ளைக்காரன் காலத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருடம் அந்தத் தேதியில்தான் நம் விமானப்படையைத் தொடங்கினார்கள், உங்கள் மகள் சாதாரண நாளில் பிறக்கவில்லை என்று விளக்கிக்கொண்டே பேனாவைத் திறந்தார். "வேற நாளா இருக்க வாய்ப்பே இல்லைங்க, என்ன சொல்றீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். "சரிங்க" என்றார்.

அந்த ஒரு சொல்லில் நான் விமானப்படைக்கு உடன்பிறந்தவள் ஆனேன். திரும்பி வரும் வழியில் சந்தித்த ஒருவர் விடாமல் அப்பா செய்தியைச் சொன்னார். "என்ற அம்மணியும் பட்டாளத்து ஏரோப்ளேனும் ஒரே நாளுங்களாமா. வாத்தியாரே சொல்லிப்போட்டாரு." எங்கள் பக்கத்தில் பண்டிகைக்கு "நோம்பி" என்று பெயர், பொங்கல் தை நோம்பி, தீபாவளி தீவாளி நோம்பி. அப்பாவின் கணக்கில் அன்றுமுதல் அக்டோபர் எட்டு "ஏரோப்ளேன் நோம்பி" ஆயிற்று. லைன் வீட்டில் யாருக்கும் பிறந்தநாள் என்ற ஒன்று கிடையாது. எனக்கு மட்டும் வருடம் தவறாமல் அன்று காலையில் கேசரி உண்டு. வானத்தில் எது பறந்தாலும், அது எந்த மாதமாக இருந்தாலும், "உனக்குத்தான் கண்ணு ஒத்திகை பாக்கறாங்க" என்பார்.

பள்ளியிலும் அந்தத் தேதி என்னைத் தூக்கி நிறுத்தியது. காலைக் கூட்டத்தில் விமானப்படை நாளைப் பற்றிப் பேச வருடந்தோறும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அதே நாளில் பிறந்த மாணவி வளர்மதி இப்போது பேசுவார்" என்ற அறிவிப்பு ஒலிபெருக்கியில் வரும்போது எனக்குள் ஏதோ நிமிரும். சூலூர் உயர்நிலைப் பள்ளிக்கு மாறி டவுன் பஸ்ஸில் போய்வரத் தொடங்கிய பிறகு இது இன்னும் பெரிதானது. என் வகுப்பில் என் தெருக்காரர்கள் யாருமில்லை. அப்பா தறிக்காரர் என்பதோ, எங்கள் வீட்டில் செய்தித்தாள் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டும் என்பதோ அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கு அக்டோபர் எட்டு என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். "ஏரோப்ளேன் வளர்மதி" என்று கூப்பிட்டார்கள். அதில் கேலி கொஞ்சம் இருந்தாலும் எனக்கு அது பட்டமாகத்தான் கேட்டது. நூலகத்தில் உட்கார்ந்து தேதியின் கதையை முழுக்கத் தேடிப் படித்தேன். எந்தச் சட்டம், யார் ஆட்சி, பெயருக்கு முன்னால் இருந்த "ராயல்" எப்போது விழுந்தது எல்லாம் மனப்பாடம். ஒருவருக்குப் பாட்டன் பூட்டன் பெருமை இருப்பதைப் போல எனக்கு ஒரு தேதி இருந்தது.

ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், விமானப்படை நாளன்று தளத்துக்குள் வந்து விமானங்களைப் பார்க்க எங்கள் பள்ளிக்கு அழைப்பு வந்தது. பிள்ளைகளில் ஒருவர் அதிகாரிகள் முன்னால் தமிழில் சில நிமிடம் பேச வேண்டும் என்றார்கள். வேறு யாரைக் கேட்பார்கள்? எங்கள் கமலா டீச்சர் வகுப்பில் என் பெயரைச் சொன்னபோது நான் ஆச்சரியப்பட்டதுபோல்கூட நடிக்கவில்லை.

வீட்டில் சொன்னதும் அப்பா தறிச் சட்டையைக் கழற்றாமலேயே வாசல் திண்டில் உட்கார்ந்துவிட்டார். "உள்ளயே உடுவாங்களா? வாசலைத் தாண்டி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறந்ததிலிருந்து அந்தத் தளத்தின் மதிலை ஒட்டியே நடந்த மனிதர் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. பிறகு சற்று யோசித்துவிட்டு, "மொதமொதல்ல ஒரு ஊட்டுக்குப் போறோம். அதும் நோம்பி நாளன்னிக்கு. வெறுங்கையோடவா போறது? ஒரே நாள்ல பொறந்தவங்க, ஒரு தட்டம் சீர் கொண்டு போனாத்தான மருவாதி" என்றார்.

எங்கள் பக்கத்தில் சீர் என்பது சின்ன விஷயமல்ல. காதுகுத்தோ கல்யாணமோ, தேங்காய் பழம் வெற்றிலை வெல்லம் என்று தாம்பாளத்தில் பரப்பி, துண்டு போட்டு மூடி, அதைத் தலைக்கு நேராகத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், பகையாளியாக இருந்தாலும் கதவைத் திறந்து "வாங்க" என்றுதான் சொல்ல வேண்டும். சீர் கொண்டுவந்தவரை வாசலில் நிறுத்தும் வழக்கம் யாருக்கும் கிடையாது. நான் சிரித்தேன். "அதெல்லாம் அங்க கூடாதுங்கப்பா. மிலிட்டிரி அது. சும்மா இருங்க." அம்மாவும் அடுப்படியிலிருந்து, "ஏனுங்க, அவங்க என்ன உங்க பங்காளியா, தட்டம் தூக்கிட்டுப் போறதுக்கு?" என்று கேட்டாள். அப்பாவும் சிரித்தார். "சரி கண்ணு, சரி" என்றார். அவர் சரி என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அன்று காலை பள்ளிப் பேருந்து தளத்தின் வாசலில் போய் நின்றது. உள்ளே விடுமுன் வண்டியின் அடியில் கண்ணாடி நுழைத்துப் பார்க்க வேண்டும், பெயர்களைச் சரிபார்க்க வேண்டும் என்று எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பேசவேண்டியதை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கத்தில் திடீரென்று சிரிப்புக் கிளம்பியது.

"டேய், அங்க பாருடா. மாப்பிள்ளை கேட்டு வந்திருக்காங்க" என்றான் தினகரன். எங்கள் வகுப்பின் வாயாடி அவன். "மாப்பிள்ளை பைலட்டாட்டம் இருக்குது. ஒத்தை ஆளா வந்திருக்காரே, பொண்ணு ஊட்டுக்காரங்கள்லாம் பின்னால டெம்போவுல வர்றாங்களோ?"

பேருந்து முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. நானும் எட்டிப் பார்த்தேன்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, நெற்றியில் விபூதி. இரண்டு கையிலும் எங்கள் வீட்டுப் பித்தளைத் தாம்பாளம். மேலே மூடியிருந்த புதுத் துண்டைக் காவலர் ஒருவர் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய், மஞ்சள், அச்சுவெல்லம், இரண்டு சீப்பு செவ்வாழை, பிறந்தநாள் என்பதற்காக நடுவில் ஒரு சாக்லேட் பொட்டலம். காவலர் வடக்கத்திக்காரர், சின்ன வயதுக்காரர். அவர் கடுமையாக நடந்துகொண்டதாகச் சொன்னால் பொய். தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுப் பதமாகத் திரும்ப வைத்தார். அப்பாவோ, தேங்காய் முற்றலா என்று சோதிக்கிறார் என நினைத்துக்கொண்டு, "நல்ல காயிங்க, நம்ம தோப்புக்காரருகிட்டச் சொல்லி எடுத்ததுங்க" என்றார். பேருந்துக்குள் இன்னொரு சிரிப்பலை.

தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் உள்ளிருந்து வந்தார். "யாருங்க நீங்க? யாரைப் பாக்கோணும்?"

"இன்னிக்கு உங்களுக்கு நோம்பியில்லீங்களா, அதுக்குத்தான் சீர் கொண்டாந்தனுங்க. எங்க அம்மணிக்கும் இன்னிக்குத்தான் பொறந்த நாளு. அது இப்ப உள்ள வந்து பேச..." என்று சொல்லிக்கொண்டே, மகள் எந்த வண்டியில் வருகிறாள் என்று காட்டுவதற்காக அப்பா பேருந்தின் பக்கம் திரும்பினார்.

என் முகம் அவருக்கு நேராக இருந்தது. எஞ்சின் நின்றிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. அவருக்கு என் முகத்தில் என்ன கேட்டது என்பது எனக்குத் தெரியாது. நான் அவரைத் தெரியாது என்று யாரிடமும் சொல்லவில்லை, யாரும் என்னைக் கேட்கவுமில்லை. முன்னிருக்கையிலிருந்த கமலா டீச்சர்கூட, "ஐயோ பாவம், யாரோ பெரியவர்" என்று பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் தறிச் சத்தத்தில் முப்பது வருடம் மனித முகங்களை மட்டுமே படித்தவர் அவர். இழை அறுந்ததைத் துணியைப் பார்க்காமலே கண்டுபிடிப்பவர்.

"எந்த அம்மணிங்க?" என்று ஊழியர் மீண்டும் கேட்டார்.

"இல்லீங்க, அது ஊட்டுல இருக்குதுங்க" என்றார் அப்பா. "இங்க எனக்கு யாருமில்லீங்க. நோம்பின்னாங்க, சும்மா குடுத்துப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"இதெல்லாம் வாங்க முடியாதுங்க பெரியவரே. தப்பா நினைச்சுக்காதீங்க."

"சரிங்க" என்றார் அப்பா.

துண்டைத் திரும்ப மூடிக்கொண்டு தாம்பாளத்தோடு சாலையின் "அக்கட்டால", எதிர்ப்பக்கமாக நடந்தார். எஞ்சின் கிளம்பியது. வாசல் திறக்க, வண்டி உருளத் தொடங்கியபோது, தாம்பாளத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒரு கையை மட்டும் விடுவித்து, எங்கேயோ பார்த்தபடி, சுட்டுவிரலைக் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றினார். கிழவர் ஈ ஓட்டுகிறார் என்றான் தினகரன். ஓடட்டும், நிறுத்தாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உள்ளே நான் நன்றாகப் பேசினேன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மனப்பாடம் செய்தது நாக்கில் தானாக ஓடியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு, அக்டோபர் எட்டு என்று தொடங்கி, கடைசியில் "இதே நாளில் பிறந்தவள் என்ற பெருமையோடு நிற்கிறேன்" என்று முடித்தபோது, யாரோ அதை இந்தியில் மொழிபெயர்க்க, முன்வரிசையில் இருந்த அதிகாரிகளெல்லாம் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்துவந்து மரத்தில் செய்த சின்ன விமானமொன்றைப் பரிசாகக் கொடுத்து, என் தலையைத் தொட்டார். பெருமை என்ற சொல்லை உச்சரித்தபோது அதிகாரிகளைத் தாண்டிப் பார்த்தேன். மேடைக்கு நேர் எதிரே திறந்தவெளி, அதற்கப்பால் மதில், மதிலுக்கப்பால் அவர். அவ்வளவு அருகில் நிறுத்தியிருந்த விமானத்தை நான் அன்று சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

திரும்பும்போது ஓட்டுநர் டீ குடிக்க வேண்டும் என்று வாசலுக்கு எதிரிலிருந்த தகரக்கூரைக் கடையில் வண்டியை ஓரங்கட்டினார். கடைக்காரர் எங்களுக்காகவே காத்திருந்தவர்போல ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னலாக வந்தார். கூடையில் செவ்வாழை.

"பெரியவரு ஒருத்தர் குடுத்துப்போட்டுப் போனாருங்க. பட்டாளத்துக்குப் பொறந்த நாளாம். பஸ்ல வர்ற பொடுசுகளுக்கெல்லாம் ஒண்ணு உடாமக் குடுத்துருன்னாரு. ரொம்ப நேரம் இங்கதான் உக்காந்திருந்தாரு, தறிக்கு நேரமாச்சுன்னு இப்பத்தான் எந்திரிச்சுப் போறாரு. டீச்சரம்மா, நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க."

"சம்பந்தம் கூடி வரலைடா. பழத்தை நமக்குக் குடுத்துட்டாரு" என்றான் தினகரன், வாய் நிறையப் பழத்தோடு. கமலா டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேருந்தில் எல்லாரும் சாப்பிட்டார்கள். எனக்காக எடுத்த சீரை என் வகுப்பு முழுக்கத் தின்றது, யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. என் கையிலும் ஒரு பழம் வந்தது. தோலின் செம்மையில் வெயிலின் சூடு இன்னும் இருந்தது. அதை உரித்து வாயில் வைக்க என்னால் முடியவில்லை. புத்தகப் பையைத் திறந்து, மர விமானத்துக்கு மேலே வைத்து மூடிவிட்டேன்.

அப்பா அன்று வீட்டுக்கு வந்தபோது வேலைச் சட்டையில்தான் இருந்தார். தாம்பாளம் கழுவித் துடைத்துப் பழைய இடத்தில் இருந்தது. "பேசினியா கண்ணு?" என்று கேட்டார். "பேசினனுங்கப்பா" என்றேன். "நல்லாப் பேசியிருப்ப" என்றார். அதோடு சரி. அன்றைக்கும் பிறகும் அவர் அந்த வாசலைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். திட்டு வாங்கினால் அழலாம், அழுதால் எதுவோ முடியும். எனக்கு வாய்த்தது அந்த விரலின் இரண்டு சுற்றுத்தான்.

அடுத்தடுத்து விடுமுறை நாட்கள் வந்ததால் பையைத் திறப்பதை நான் இரண்டு மூன்று நாள் தவிர்த்தேன். வாசனைதான் காட்டிக்கொடுத்தது. கறுத்து நசுங்கி, விமானத்தின் இறக்கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்த பழத்தை அம்மா வெளியே எடுத்தாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அப்பா தாம்பாளம் எடுத்துக்கொண்டு போனதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசலில் உட்கார்ந்து அந்த விமானத்தைச் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"இத்தனையும் ஒரு தேதியால. அதும் உன்ற தேதியே இல்ல அம்மணி. நீ பொறந்தது தையில. பூப்பறிக்கிற நோம்பி கழிஞ்சு அந்த வாரம். வாசல்ல சொருகுன ஆவாரம்பூக் காப்பு இன்னும் வாடக்கூட இல்ல. ஏரோப்ளேன் பறந்தது நெசந்தான். பழக்கத்துக்குப் பறந்திருப்பாங்க, அவங்களுக்கென்ன, எப்ப வேணாப் பறப்பாங்க."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? தைன்னு சொல்ல வாயெடுத்தாராமா. வாத்தியாரு அத்தனை சந்தோசமா எழுதறாரு, மறுத்துப் பேசுனா புள்ளையச் சேத்துக்காம உட்டுருவாரோன்னு சரிங்கன்னுட்டாரு. அப்பறம் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கே அது நெசமாப் போச்சு."

தண்ணீர் வழிந்த விமானத்தை அவள் தட்டுத் தாங்கியின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவு நாள் நான் நிமிர்ந்து நின்ற மேடைக்குக் கீழே இருந்தது இதுதான். என் அப்பாவின் மரியாதை. எதிரே உட்கார்ந்திருக்கும் படித்தவரின் பேனா முனை தன் சொல்லால் நின்றுவிடக்கூடாதே என்ற பயம். அந்தப் பயத்தின்மேல் ஏறி நின்று நான் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியிருந்தேன். அடுத்த வருடம் விமானப்படை நாளுக்குப் பேசக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்றேன். வீட்டில் கேசரி வந்தது. "ஒத்திகை பாக்கறாங்க" என்ற பேச்சு மட்டும் வரவில்லை. மேலே விமானம் போனால் அப்பா அண்ணாந்து பார்ப்பார், பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் தறிக்குப் போவார்.

தேதி என்னை விடவில்லை. மதிப்பெண் சான்றிதழ் முதல் இன்றைய அடையாள அட்டை வரைக்கும் அதுதான் என் பிறந்தநாள். கோயம்புத்தூரில் நான் வரலாற்றுப் பாடம் நடத்தும் கல்லூரியில் இந்த அக்டோபர் எட்டன்றும் சக ஆசிரியர்கள் கேக் வெட்டினார்கள். மீந்த துண்டை டப்பாவில் போட்டுக்கொண்டு மாலையில் பேருந்து ஏறினேன். தளத்தின் வாசலைக் கடக்கும்போது வழக்கம்போல் எதிர்ப்பக்கம் பார்த்தேன். சாலையை அகலப்படுத்தியதில் டீக்கடை போய்விட்டது. மதில் முன்னைவிட உயரம், அதன்மேல் சுருள் கம்பி. விமானம் பார்க்க நாங்கள் போய் நின்ற மேட்டுக்காடெல்லாம் இப்போது மனை பிரித்த "சைட்டு" கற்கள். லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். குடோனில் தறிகளைக் கழற்றி எடைக்குப் போட்டாயிற்று. நான் கட்டிய வீடு காங்கிரீட் போட்டது. தட்டுகள் கதவு வைத்த அலமாரிக்குள் இருக்கின்றன, எந்த விமானம் போனாலும் அவை நடுங்குவதில்லை. அப்பாவுக்குக் காது அறவே போய்விட்டது. தட்டுகளும் பேசாததால், மேலே விமானம் போகிறது என்று இப்போது அவருக்குச் சொல்ல வீட்டில் எதுவுமில்லை.

கேக்கைக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி இருந்தது. வகுப்புக்காக எதையோ படித்தபோது, சிறுவயதில் மனப்பாடம் செய்த கதையையே மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படித்தேன். முப்பத்திரண்டாம் வருடம் அக்டோபர் எட்டாம் தேதி ஒரு விமானமும் பறக்கவில்லை. அன்றைக்கு நடந்ததெல்லாம் காகிதத்தில்தான். முதல் விமான அணி அமைந்தது அடுத்த வருடம் ஏப்ரல் முதல் தேதி, அதுவும் நான்கே நான்கு விமானங்களோடு. ஆக, விமானப்படைக்கும் என்னைப் போலவே பிறந்த தேதி ஒன்று, பறந்த தேதி வேறொன்று. இதைப் பாதி கையாலும் பாதி உதட்டாலும் அப்பாவுக்குப் புரியவைத்தேன். இத்தனை வருடம் கழித்து அவருக்கு நான் கொண்டுபோகும் சீர் இது என்று மனதுக்குள் ஒரு நினைப்பு.

அவர் யோசித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அப்ப அங்கயும் எவனோ ஒருத்தன் சரிங்கன்னு சொல்லிப்போட்டானாட்டம் இருக்குது."

நானும் சிரித்தேன். இதோடு அந்தக் கணக்குத் தீர்ந்தது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டவர், விரலிலிருந்த கிரீமைத் துண்டில் துடைத்தபடி, நேற்று நடந்ததைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஏங் கண்ணு, அன்னிக்கு டீக்கடைக்காரன் பழம் குடுத்தானா? நீ தின்னியா?"

அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றதைப் பார்த்தேன். வெளியே ஒரு விமானம் தாழ்வாக வந்துகொண்டிருந்தது, அது எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. தேதிகளைத் திருத்துவதும் தப்பைத் தப்பென்று சொல்வதும் என் தொழில். நான் தலையை ஆட்டினேன், தின்றேன் என்று. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுப்பைத் தணித்தாள்.

அப்பாவின் முகம் தெளிந்தது. "பூவனே நல்லா இருந்துச்சு, வெலையும் கம்மி. ஆனா உள்ள உங்களுக்கும் ஆளுக்கொண்ணு குடுப்பாங்க, பஸ்ஸுல உன்ற பையில வெச்சாலும் நசுங்காதுன்னுதான் செவ்வாழையாப் பாத்து வாங்குனேன்" என்றார்.